லேப் பையனும் ஆபீஸ் பொண்ணும்

ஆபீஸில் அவளுக்கு நோண்டி என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால்தான், ஆனால் காதில் விழும்படியாக. காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீடு கேட்டு வருகிற விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. நிறுத்தி வைத்திருந்த கார்மேல் மரம் சாய்ந்துவிட்டது என்று ஒருவர் படத்தோடு எழுதிக் கொடுத்தால், மற்றவர்கள் நசுங்கிய காரைப் பார்ப்பார்கள். இவள் மரத்தைப் பார்ப்பாள். "காத்துல விழுந்த மரத்துல ரம்பம் போட்ட தடம் எப்படி சார் வந்துச்சு?" என்பாள். எதிரில் இருப்பவருக்கு வேர்த்துக் கொட்டும்.

அந்த ஆபீஸில் அவள் ஒருத்திதான் பெண். மதியம் பேச்சுத் துணைக்கு ஆளில்லை, மற்ற எல்லோரும் பந்து விளையாட்டைப் பற்றியே பேசித் தொலைக்கிறார்கள் என்று வீட்டுக்கு வந்து புலம்புவாள்.

அவள் நோண்டி எடுத்ததை வைத்துக்கொண்டுதான் நிறுவனத்தின் வக்கீல்கள் நீதிமன்றத்தில் வாதாடுவார்கள். சில நாள் அவளும் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அப்படி ஒருநாள், வக்கீல் முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டு உட்காரப் போனார். இவளுக்குப் பொறுக்கவில்லை. வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி கையைத் தூக்கிவிட்டாள். நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"யாரும்மா நீங்க? வக்கீலா?"

"இல்லைங்க."

"அப்ப கைய இறக்குங்க."

இறக்கினாள். ஆனால் பஸ்ஸில் வீடு வந்து சேருகிறவரை காது கொதித்துக்கொண்டே இருந்தது. இறங்கும்போது முடிவு செய்துவிட்டாள்: முப்பத்தாறு வயதானால் என்ன, சட்டம் படித்துவிடுவது.

பட்டம் முடித்தவர்கள் சட்டத்துக்கோ மருத்துவத்துக்கோ நிர்வாகப் படிப்புக்கோ போக வேண்டுமானால் எழுத வேண்டியது ஒரே நுழைவுத் தேர்வுதான். முதல் தாள் எல்லோருக்கும் பொது. படித்துப் புரிந்துகொள்வது, தர்க்கம், கணக்கு, வரைபடம் பார்த்து விடை சொல்வது என்று அதில் நான்கு பகுதி. இரண்டாம் தாள் அவரவர் துறைக்கு. இதையெல்லாம் அவள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒளிந்து பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

வீட்டில் மூச்சு விடவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. போன வருடம் கிடார் கற்றுக்கொள்ளப் போனாள். கிடார் இப்போது பரணில் கிடக்கிறது. அதற்கு முந்தி நீச்சல். அதற்கும் முந்தி ஏதோ ஒரு ஐரோப்பிய மொழி. அதில் "நான் ஒரு ஆப்பிள்" என்பதுவரை வந்து நின்றுவிட்டது. அவள் கணவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன், தங்கமான மனுஷன், ஆனால் வாய் சும்மா இருக்காது. "இந்த வாரம் என்ன, குதிரையேற்றமா?" என்று கேட்பான். சட்டம் என்று சொன்னால் பரணில் இடம் ஒழிக்க ஆரம்பித்துவிடுவான்.

ஆகவே ஒரு சனிக்கிழமை, பல் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து வெகு தூரம் தள்ளியிருந்த ஒரு புத்தகக் கடைக்குப் போனாள்.

நுழைவுத் தேர்வு வழிகாட்டிகளுக்கென்றே அங்கே ஒரு சுவர் முழுக்க அலமாரி. பார்த்ததும் அவளுக்குத் தலை சுற்றியது. ஒன்று செங்கல் தடிமனில் இருந்தது. விழுந்தால் கால் விரல் போய்விடும். இன்னொன்று கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒல்லியாக இருந்தது. "இனி தோல்வி இல்லை" என்றது ஒன்று. "தூங்கிக்கொண்டே ஜெயிக்கலாம்" என்று சொல்லாத குறையாக இருந்தது மற்றொன்று. முக்கால்வாசி அட்டைகளில் ஓர் ஆணும் பெண்ணும் எல்லாப் பற்களும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நுழைவுத் தேர்வு எழுதுகிற எவன் இப்படிச் சிரிப்பான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கடைக்காரர் வந்தார். "செங்கல் சைஸ்ல இருக்கே, அத எடுத்துக்கங்க மேடம். எல்லாரும் அதத்தான் வாங்குறாங்க."

"வாங்கினவங்க எல்லாம் பாஸ் பண்ணிட்டாங்களா?"

"அது எனக்கெப்படி மேடம் தெரியும்?"

"பின்ன எத வச்சு அத எடுக்கச் சொல்றீங்க?"

கடைக்காரர் அடுத்த வாடிக்கையாளரைத் தேடிப் போய்விட்டார்.

நோண்டி தன் வழக்கப்படி வேலையை ஆரம்பித்தாள். எல்லோரும் முதலில் கேள்விகளைப் புரட்டுவார்கள். அவள் பின்பக்கம் விடை விளக்கத்தைப் புரட்டினாள். ஒரு புத்தகம் "விடை: இ. ஏனெனில் மற்றவை தவறு" என்றது. வண்டி மோதியதால் விபத்து நடந்தது என்று எழுதிக் கொடுப்பவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அதை இருந்த இடத்திலேயே சொருகினாள். ஒல்லிப் புத்தகத்தில் தர்க்கம் தெளிவாக இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினால், நெஞ்சோடு செங்கல்லை அணைத்தபடி பாப்பா நிற்கிறாள்.

பாப்பா என்றால் குழந்தை இல்லை. கணவனின் தங்கை. முப்பது வயது, ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. வீட்டில் கடைக்குட்டி என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. நாத்தனாருக்கும் அண்ணிக்கும் சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. ஆனால் ஒட்டுதலும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் சாப்பிடும்போது "தண்ணி வேணுமா அண்ணி", "போதும் பாப்பா" என்பதோடு அவர்கள் பேச்சு முடிந்துவிடும். அப்படியே பல வருடம் ஓடிவிட்டது.

இரண்டு பேரும் திருதிருவென்று விழித்தார்கள்.

"என்ன அண்ணி, இந்தப் பக்கம்?"

"எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு. சட்டம் படிக்கணுமாம். புக் பாத்துத் தரச் சொன்னா. நீ?"

"எங்க லேப்ல ஒரு பையன்," என்றாள் பாப்பா, ஒரு நொடிகூடத் தாமதிக்காமல். "மெடிக்கல் போகணுமாம். அவனுக்குக் கடைக்கு வர நேரமில்ல."

"ஓ."

"ஓ."

இரண்டு பேரும் தங்கள் தங்கள் பொய்யோடு பில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். வாசலில் பாப்பா கேட்டாள்: "உங்க பொண்ணு ஏன் ஒல்லி புக் எடுத்துக்கிட்டா?"

"தர்க்கம் நல்லா இருக்கு. ஆனா கணக்குதான் இதுல சுமார். அவ வேற கணக்குல வீக்கு."

"எங்க பையன் கணக்குல புலி. இந்தப் பத்தி பத்தியா குடுத்து, ஆசிரியர் என்ன சொல்ல வர்றார்னு கேப்பாங்களே, அதுலதான் அவன் தலைய பிச்சுக்குறான். அவர் சொல்ல வர்றத நேரடியாச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேங்கிறான்."

நோண்டி சிரித்துவிட்டாள். பாப்பா வேடிக்கையாகப் பேசக்கூடியவள் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் வினோதம். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் "தண்ணி வேணுமா அண்ணி" போய், "பையன் எப்படி இருக்கான்?" என்று ஆரம்பமானது. பையனுக்கு வாசிப்புப் பகுதியில் ஒன்றும் புரியவில்லை என்று பாப்பா சொன்னாள். பத்தியைப் படிப்பதற்கு முன்னால் கேள்வியைப் படிக்கச் சொல், எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் தேடினால் எதுவும் கிடைக்காது என்று நோண்டி சொல்லியனுப்பினாள். பொண்ணுக்கு விகிதக் கணக்கு வரவில்லை என்றாள் நோண்டி. பாப்பா ஒரு காகிதத்தில் மருந்தும் தண்ணீரும் கலக்கிற மாதிரிப் படம் போட்டு, "இத அவகிட்ட காட்டுங்க அண்ணி, டக்குனு புரியும்" என்றாள். அவளுக்கு டக்கென்று புரிந்தது.

வாரத்தின் நடுவிலும் போன் வரத் தொடங்கியது. லேபில் ரத்த மாதிரி அடைத்த குழாய்களைச் சுழற்றுகிற இயந்திரம் ஓடி முடியும்வரை பாப்பாவுக்குக் கொஞ்சம் ஓய்வு. அந்த நேரத்தில் பின்னணியில் கிர்ரென்று சத்தம் கேட்க, "அண்ணி, பையன் ஒரு சந்தேகம் கேட்டான்" என்பாள். நோண்டி ஆபீஸ் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டு பதில் சொல்வாள்.

ஒருநாள் பாப்பா சந்தேகம் எதுவும் கேட்கவில்லை.

"அந்தப் பையன் முன்னாடியே ஒரு தடவ எழுதினானாம் அண்ணி. சின்ன வயசுல. ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சவங்க எல்லாரும் அவன டாக்டர் டாக்டர்னுதான் கூப்பிட்டாங்களாம். கிடைக்கல. வீட்ல யாராவது ஒரு வார்த்த திட்டியிருந்தாப் பரவாயில்லையாம். எல்லாரும் ரொம்ப நல்லவங்களா நடந்துக்கிட்டாங்களாம். சாப்பிட்டியா, தூங்கினியான்னு மெதுவா மெதுவாப் பேசினாங்களாம். அதுதான் அவனால தாங்க முடியலயாம். அதான் இந்தத் தடவ யார்கிட்டயும் மூச்சு விடல."

நோண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. பாப்பா பட்டம் முடித்த கையோடு மருத்துவத்துக்கு எழுதிக் கிடைக்காமல் போனதைக் கணவன் எப்போதோ சொல்லியிருக்கிறான். ஊரார் பொய்யையெல்லாம் மோப்பம் பிடிக்கிற தனக்கு, கூடவே சாப்பிடுகிற பெண்ணின் பொய் பிடிபட இத்தனை நாள் ஆகியிருக்கிறதே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதை உடைக்கவும் மனசு வரவில்லை. உடைத்தால் தன்னுடையதும் சேர்ந்தல்லவா உடையும்?

"பையன்கிட்ட சொல்லு," என்றாள். "இந்தத் தடவ கிடைக்கலன்னா எங்க ஆபீஸ் பொண்ணு அவன வாய்க்கு வந்தபடி திட்டுவாளாம்."

"திட்டுவாளா? நம்பலாமா?"

"அவ வாய் உனக்குத் தெரியாது."

இயந்திரம் நின்றது. பாப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, வைக்கிறேன் அண்ணி" என்றாள்.

அந்த வாரம்தான் நோண்டி, பொண்ணுக்குக் கணக்குப் பகுதியைக் காட்ட வேண்டும் என்று சொல்லிச் செங்கல்லைக் கடன் வாங்கினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தாள். பதிப்பு ஆண்டு அச்சாகியிருந்த இடம் விரலுக்கு லேசாக மேடு தட்டியது. நகத்தால் சுரண்டினாள். ஒரு குட்டி ஸ்டிக்கர் உரிந்து வந்தது. அடியில் பழைய ஆண்டு ஒன்று ஒளிந்திருந்தது.

பாடத்திட்டத்தைப் போன வருடம்தான் மாற்றியிருந்தார்கள். வரைபடம், அட்டவணை பார்த்து விடை சொல்கிற பகுதி புதிதாகச் சேர்ந்திருந்தது. செங்கல்லை முன்னும் பின்னும் புரட்டினாள். அப்படி ஒரு பகுதியே அதில் இல்லை. பாப்பா இத்தனை நாள் விழுந்து விழுந்து படித்தது போன தலைமுறைக்கான தேர்வை.

பஸ்ஸிலிருந்தே போன் போட்டாள். "பாப்பா, உடனே அந்தக் கடைக்கு வா. பையன வரவேண்டாம்னு சொல்லு, நாம பாத்துக்கலாம்."

கடைக்காரர் சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். விற்ற புத்தகம் திரும்பப் பெறப்படமாட்டாது.

"சரிங்க," என்றாள் நோண்டி. ரொம்பப் பணிவான குரல். ஆபீஸில் அந்தக் குரலைக் கேட்டவர்கள் ஓடி ஒளிவார்கள். "எந்தப் புத்தகம் வித்தீங்களோ அது திரும்ப வாங்கப்படாது. ஒத்துக்கிறேன். நீங்க எந்தப் புத்தகம் வித்தீங்க?"

"இதோ, இது."

"இதுன்னா? ஸ்டிக்கர் மேல இருக்கிற வருஷமா, அடியில இருக்கிற வருஷமா?"

கடைக்காரர் ஸ்டிக்கரைப் பார்த்தார். "அது எங்களுக்கு வரும்போதே அப்படித்தான் வருது மேடம்."

"அப்ப மேல இருக்கிற வருஷத்தோட புத்தகத்த நீங்க விக்கவே இல்ல. விக்காத புத்தகத்துக்கு எப்படிங்க அந்தப் பலகை பொருந்தும்?"

கியூவில் நின்ற ஒரு மாணவன் தன் கையிலிருந்த செங்கல்லின் முதல் பக்கத்தை நகத்தால் சுரண்டத் தொடங்கினான். அவனுக்குப் பின்னால் இருந்தவளும் சுரண்டினாள். கடைக்காரருக்கு விஷயம் எங்கே போகிறது என்று விளங்கிவிட்டது. "வேற எது வேணும்னாலும் எடுத்துக்கங்க மேடம்" என்றவர், மிச்சமிருந்த செங்கற்களையெல்லாம் அலமாரியிலிருந்து இறக்கி உள்ளே கொண்டுபோய் அடுக்கினார். நல்ல மனுஷன்தான்; ஏமாந்தவர்களில் அவரும் ஒருவர்.

"அண்ணி," என்றாள் பாப்பா, கண்ணை அகல விரித்து. "உங்க ஆபீஸ் பொண்ணும் உங்கள மாதிரியே பேசுவாளா?"

"கிட்டத்தட்ட."

"அப்ப அவ வக்கீல் ஆகலன்னா அது பெரிய அநியாயம்."

இந்தத் தடவை சேர்ந்தே தேர்ந்தெடுத்தார்கள். கடைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அலமாரியைப் பிரித்து மேய்ந்தார்கள். முதல் வேலையாகப் பாப்பா எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். பிறகு ஒரே மாதிரிக் கேள்வியை ஒவ்வொரு புத்தகத்திலும் தேடிப் போட்டுப் பார்த்தார்கள். பாப்பா நேரம் பார்த்தாள். நோண்டி விளக்கத்தை விசாரணை செய்தாள். சிரிக்கிற அட்டைகள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. கடைசியில், யாரும் சீண்டாமல் மூலையில் கிடந்த, படமே இல்லாத ஒரு பழுப்பு அட்டைப் புத்தகம் அகப்பட்டது. ஒரு கேள்விக்கு இரண்டு பேரும் யோசித்து "ஆ" என்று முடிவு செய்து, பின்பக்கம் திருப்பினார்கள்.

"நீங்கள் 'ஆ' என்று சொல்லியிருந்தால், கடைசி வரியைப் படிக்காமல் அவசரப்பட்டிருக்கிறீர்கள். பரவாயில்லை, அந்தக் கேள்வியே அதற்காக வைத்த பொறிதான்" என்று எழுதியிருந்தது.

இரண்டு பேரும் புத்தகத்தையே முறைத்துப் பார்த்தார்கள்.

"நம்மள நேர்ல பாத்த மாதிரி எழுதியிருக்கான்," என்றாள் பாப்பா.

"இதுதான்," என்றாள் நோண்டி. சரியான விடை எது என்பதை எல்லாப் புத்தகமும் சொன்னது. தப்பான விடை ஏன் ஆசை காட்டுகிறது என்று சொன்னது இது ஒன்றுதான்.

தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தன. பழுப்பு அட்டையை ஆளுக்குப் பாதி நாள் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். இப்போது பொண்ணும் பையனும் வராத பேச்சே இல்லை. மாமியார் அடுப்படியில் நின்றபடி எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டிருந்தார் என்பதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அடுத்த வாரம் அந்தப் பையன சாப்பிட வரச் சொல்லு."

பாப்பாவின் கை பாதி வழியில் நின்றது. "எந்தப் பையன்?"

"நடிக்காதடி. நாள் பூரா பையன் பையன்னு அவன் பேச்சுதானே? பையன் நேத்து நல்லாப் படிச்சான், பையனுக்குத் தலவலி, பையன் பாவம். எனக்கென்ன காது செவிடாவா போச்சு? உன்னவிட வயசுல சின்னவனா இருப்பான் போல. இருந்துட்டுப் போகட்டும். நான் ஒண்ணும் அந்தக் காலத்து ஆள் இல்ல."

கணவன் உற்சாகமாக நிமிர்ந்தான். "கண்ணாடி போடுவானா பாப்பா?"

"அண்ணா, நீ வேற!"

"போட்டா ஃப்ரேம் நம்ம கடையில இருந்தே குடுத்துடலாம்னுதான்."

மாமியார் மருமகள் பக்கம் திரும்பினார். "நீயும் எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு வாயத் தொறக்கல பாரு. நடுவுல நின்னு தூது போயிட்டு இருக்க. அவன் எப்படிம்மா? நல்ல பையனா?"

நோண்டி வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கினாள். "ரொம்ப நல்ல பையன் அத்த," என்றாள் தன்னை மீறி. "ஆனா..."

"ஆனா என்ன? குடிப்பானா?"

பாப்பா தட்டைத் தள்ளி வைத்தாள். முகம் சிவந்து, அழுவாளா சிரிப்பாளா என்று தெரியாமல் இருந்தது.

"அம்மா, அந்தப் பையன் நான்தான்."

மாமியார் மகனைப் பார்த்தார், மகன் பாப்பாவைப் பார்த்தான்.

"லேப்ல அப்படி ஒரு பையனே கிடையாது. நான்தான் திரும்ப மெடிக்கலுக்கு எழுதப் போறேன். சொல்றதுக்குப் பயமா இருந்துச்சு."

மாமியார் மெல்லக் கேட்டார்: "அப்ப மாப்பிள்ளை?"

"இல்லம்மா."

கணவன் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடித்தான். அதற்குள் நோண்டியும் கையைத் தூக்கிவிட்டாள். அது அவள் சுபாவம். "ஆபீஸ் பொண்ணு நான்தாங்க," என்றாள். குடித்த தண்ணீர் கணவனுக்குப் புரையேறியது.

"அதான் எனக்கு அன்னைக்கே தெரியுமே அண்ணி," என்றாள் பாப்பா.

"எப்படி?"

"உங்க ஆபீஸ்ல நீங்க ஒருத்திதான் பொண்ணுன்னு வாரா வாரம் இதே இடத்துல உக்காந்து நீங்கதானே புலம்புவீங்க?"

ஊர் முழுக்கப் பொய் பிடிக்கிறவள் தன் பொய்யில் இவ்வளவு பெரிய ஓட்டையை விட்டிருக்கிறாள். கணவன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. ஒருத்தியை மாற்றி ஒருத்தியைப் பார்த்தார்.

"படிக்கிறத ஏண்டி ஒளிச்சு ஒளிச்சுப் படிக்கணும்? சிகரெட்டா பிடிச்சீங்க? இந்த வீட்ல படிக்காதன்னு யாராவது சொன்னோமா?" குரல் கொஞ்சம் உடைந்தது. உடனே கரண்டியை எடுத்துக்கொண்டார். "மாப்பிள்ளை வருவான்னு மனசுக்குள்ள விருந்தே போட்டு வச்சுட்டேன். சரி, சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டுப் போய்ப் படிங்க. பாத்திரத்த இவன் கழுவுவான்."

இவன் என்றது கண்ணாடிக் கடைக்காரனை.

தேர்வு முடிந்தது. வரைபடப் பகுதியிலிருந்து கொட்டு கொட்டென்று கேள்விகள் வந்தன. செங்கல்லை நம்பிப் போயிருந்தால் பாப்பா அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பாள். வெளியே வந்ததும் அண்ணியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

முதல் பட்டியலில் பாப்பாவின் எண் இருந்தது. மருத்துவக் கல்லூரியில் இடம். நோண்டியின் எண் இல்லை. இரண்டு தடவை மேலிருந்து கீழாகப் பார்த்தாள், பிறகு கீழிருந்து மேலாகவும். மதிப்பெண் வந்ததைப் பார்த்தால் கூத்து: நடுங்கிக்கொண்டு போன கணக்கில் நல்ல மதிப்பெண். மார்தட்டிக்கொண்டு போன வாசிப்பில் கோட்டை விட்டிருந்தாள்.

மறுநாள் காலை கணவன் படுக்கைக்கே தேநீர் கொண்டு வந்தான். கிடாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாமியார் வந்து, "நீ உக்காரும்மா, நான் பாத்துக்கறேன்" என்று துணி மடித்தார். ஆபீஸில் கூட, எப்படியோ விஷயம் தெரிந்து, பந்து விளையாட்டுப் பேச்சை நிறுத்திவிட்டு அவளிடம் வானிலை பற்றிப் பேசினார்கள். மாலைக்குள் அவளுக்கு மூச்சு முட்டியது. பாப்பா அத்தனை வருடம் எதைச் சுமந்துகொண்டிருந்தாள் என்று அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

அப்போது போன் அடித்தது.

"என்ன அண்ணி, வாசிப்புலயா போய் மண்ணக் கவ்வுனீங்க? ஊருக்கெல்லாம் வகுப்பு எடுத்தீங்களே! அந்த அஞ்சாவது பத்தியில என்ன பண்ணினீங்க, உண்மையச் சொல்லுங்க."

"அந்த ஆசிரியர் சொன்னது தப்பு பாப்பா. அவர் சொன்ன ஆதாரமே நிக்காது."

"அது யாரு கேட்டா? அவர் என்ன சொன்னார்னுதானே கேட்டாங்க! அவர் கூட சண்ட போடச் சொன்னாங்களா? அறிவிருக்கா உங்களுக்கு?"

நோண்டி மாடிப்படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கொஞ்சம் அழுதாள். பாப்பா விடாமல் திட்டினாள், இயந்திரம் நிற்கிறவரை.

பாப்பா மருத்துவக் கல்லூரி இருந்த ஊருக்குப் பெட்டி கட்டிக்கொண்டு போன பிறகு, இரண்டாம் பட்டியல் வந்தது. யாரோ சிலர் வேறு படிப்புக்குப் போய்விட்டதில் இடம் காலியாகி, மாலை நேரச் சட்டக் கல்லூரியில் நோண்டிக்கு இடம் கிடைத்தது. கணவன் கடைக்கு அரை நாள் விடுமுறை விட்டுவிட்டுப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். அவளுக்குப் புதிதாக ஒரு கண்ணாடியும் போட்டுவிட்டான், கறுப்பு ஃப்ரேம். வக்கீல் மாதிரி இருக்க வேண்டுமாம்.

முதல் நாள், ஆபீஸ் முடிந்து ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தாள். ஆபீஸ் சேலை, தோளில் பை, கறுப்புக் கண்ணாடி. வகுப்பறைக் கதவைத் தள்ளித் திறந்ததும், உள்ளே சளசளவென்று பேசிக்கொண்டிருந்த இளவட்டங்கள் அத்தனை பேரும் சட்டென்று அடங்கி, நாற்காலிகள் கிறீச்சிட எழுந்து நின்றார்கள்.

"குட் ஈவினிங் மேடம்!"

பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அந்த மரியாதையை அனுபவித்துக்கொண்டால்தான் என்ன என்று தோன்றியது.

"உக்காருங்கப்பா," என்றாள். "நானும் உங்கள மாதிரி படிக்க வந்தவதான்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். நோண்டி உட்கார்ந்து, பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள்.